போர்வை பட்டாலே உயிர் போகுதா, தம்பி?

ராத்திரி ரெண்டு மணிக்குக் கால் கட்டைவிரல் வீங்கி, தக்காளியாட்டம் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகுதுன்னு அழுதியே, அப்பவே தெரியும் எனக்கு. அப்பாவுக்கும் இதே கௌட்தான். டாக்டரும் அதையே சொல்லிட்டார். இனி நான் சொல்றதைக் கேளு.

வலி வந்தா தைலம் போட்டு உருவிவிடாதே. ஐஸ்கட்டியைத் துண்டுல சுத்தி இருபது நிமிஷம் ஒத்தடம் கொடு, காலைத் தலையணை மேல தூக்கி வை. அப்பாவுக்கு அம்மா கால்மாட்டுல ஒரு முக்காலியை நிறுத்தி, அதுக்கு மேலதான் போர்வையைப் போர்த்துவாங்க. விரல்ல துணி படாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வலி ஆரம்பிச்ச அன்னைக்கே போட்டுடு. மெடிக்கல் ஷாப்ல நீயா வலி மாத்திரை கேட்டு வாங்காதே, கிட்னிக்கும் வயித்துக்கும் ஆகாது. வீக்கத்தோட குளிர்காய்ச்சலும் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, அது மூட்டுல சீழ் பிடிச்சதாவும் இருக்கலாம்.

பருப்பை நிறுத்திட்டியாமே? பாவம், சாம்பார் என்ன பண்ணுச்சு? பருப்பு, கீரையெல்லாம் தாராளமா சாப்பிடு. ஈரல், மத்தி, நெத்திலி, கூல் டிரிங்க்ஸ், எல்லாத்துக்கும் மேல பீர், இதுங்கதான் வில்லன்கள். (உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை நானும் பார்க்கிறேன்.) தண்ணியும் மோரும் நிறையக் குடி. உடம்பைக் குறைக்கிறேன்னு பட்டினி கிடந்தாலும் வலி கிளம்பும். பிபிக்குப் போடுற நீர் மாத்திரை சிலது யூரிக் ஆசிட்டை ஏத்தும். நீயா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேளு.

பத்தியம் மட்டும் போதாதுடா. வலி அடங்கினாலும் மூட்டுக்குள்ள யூரிக் ஆசிட் உப்புப் படிகம் அப்படியேதான் இருக்கும். அது கரையணும்னா யூரிக் ஆசிட் 6-க்குக் கீழ நிக்கணும். அதைக் குறைக்கிற அலோபியூரினால் மாத்திரையை ஆரம்பிச்ச முதல் சில மாசம் வலி திரும்ப வரலாம். அப்பா அதுக்குப் பயந்துதான் மாத்திரையைத் தூக்கிப் போட்டார், அப்புறம் வருஷக்கணக்கா நொண்டினார். படிகம் கரையும்போது அப்படித்தான் குத்தும். அதைத் தாங்கத்தான் கூடவே கோல்சிசின் கொடுக்கிறாங்க. ஆனா உடம்புல தடிப்பு, அரிப்பு வந்தா மட்டும் அலோபியூரினாலை உடனே நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டரைப் பாரு.

வலி இருக்கும்போது எடுத்த யூரிக் ஆசிட் டெஸ்ட்ல நார்மல்னு வந்ததை நம்பாதே, அந்த நேரத்துல அளவு இறங்கிக் காட்டலாம். வலி போய் ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடு. ரிப்போர்ட்டை போட்டோ பிடிச்சு அனுப்பு. "பரவாயில்லைக்கா"ன்னு வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன்.