குருத்து பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

செஞ்சி, வல்லம் பக்கத்து உரக்கடையிலோ நர்சரியிலோ புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் நெல்லையும் மல்லாட்டையையும் கரும்பையும் பற்றித்தான் கேட்பார்கள் என்று படித்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு நடுவே ஒரு அம்மா வந்து செல்போனை நீட்டுவார். “தம்பி, கிணத்தடி வாழையில குருத்து சுருண்டுக்கிட்டே வருது. என்ன மருந்து அடிக்கிறது?” வீட்டுக்கு இரண்டு வாழை, நான்கு வாழை வைத்திருக்கும் ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. சரியாகப் பதில் சொல்பவர்களுக்குத்தான் பஞ்சம்.

பெரும்பாலான கடைகளில் கேள்வி முடிவதற்குள் ஒரு புட்டி மேசைக்கு வந்துவிடும். பூச்சிமருந்து ஒன்று, டானிக் ஒன்று. வாழையின் புது இலை கெட்டு வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பாதிக்கு மருந்தே தேவையில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தாமதிக்காமல் மரத்தையே அழிக்க வேண்டும். அந்த ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைத் திறமை. வேளாண் பட்டயம் முடித்தவர்கள், நர்சரியில் இருப்பவர்கள், வீட்டுத்தோட்டம் அமைத்துக் கொடுப்பதை வேலையாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் எல்லோரும் இதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் குருத்து எங்கே உருவாகிறது என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் தண்டு என்று சொல்வது இலை மட்டைகளின் அடுக்கு. வளரும் முனை கீழே, மண் மட்டத்தில், கிழங்கின் தலையில் இருக்கிறது. அங்கே உருவான இலை மட்டைகளுக்கு நடுவே சுருண்டபடி மேலே ஏறி வந்துதான் விரிகிறது. ஆகவே இன்று கண்ணில் படும் கோளாறு பல நாள் முன்பே நடந்திருக்கலாம். இன்று மருந்து அடித்தாலும் அந்த இலை திருந்தாது. பலன் தெரிய வேண்டியது அடுத்தடுத்து வரும் இலைகளில். வெயில் காலத்தில் நன்றாக வளரும் வாழை 7 முதல் 10 நாளுக்கு ஓர் இலை விடும். “இன்னும் ரெண்டு இலை வரட்டும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லத் துணிவு வேண்டும். நோய் அறிகுறி எதுவும் கண்ணில் படாத வாழைக்கு அதுவே சரியான பதில்.

கேள்விகளைச் சரியான வரிசையில் கேளுங்கள். கன்று எங்கிருந்து வந்தது? எத்தனை மாதம் ஆகிறது? ஒரு இலைதான் இப்படியா, தொடர்ந்து எல்லா இலையும் இப்படித்தானா? பழைய இலைகள் எப்படி இருக்கின்றன? பக்கத்து நிலத்தில் களைக்கொல்லி அடித்தார்களா? என்ன தண்ணீர் போகிறது? பழைய இலைகள் முதலில் மஞ்சளாகி மட்டையோடு ஒடிந்து தொங்கினால் அது பெரும்பாலும் வாடல் நோயின் பக்கம் போகிற விஷயம். ரஸ்தாளி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சந்தேகம் உடனே வர வேண்டும். கிழ இலையில் புள்ளியும் கருகலும் என்றால் இலைப்புள்ளி நோய். பழசெல்லாம் பச்சையாக இருக்க, புதுசு மட்டும் கெட்டு வந்தால்தான் இங்கே பேசுகிற விஷயம்.

எளிதானவற்றைச் சீக்கிரம் ஒதுக்கிவிடுவோம். நரம்போடு நரம்பாகக் கிழிந்திருந்தால் காற்று. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். விரிந்த இலையில் ஒரே அளவு ஓட்டைகள் வரிசையாக இருந்தால், இலை சுருண்டிருந்தபோது ஒரு புழுவோ வண்டோ ஓரிடத்தில் கடித்துத் துளைத்திருக்கிறது. ஒரு கடி பல சுற்றுகளைத் தாண்டியதால் விரித்ததும் பல ஓட்டை. குருத்துக்குள் பார்த்து, புழு இருந்தால் கையால் எடுத்துப் போட்டால் போதும். ஈட்டிக்கன்றின் இலை பிறவியிலேயே குறுகலாகத்தான் வரும். அது நோயில்லை, நல்ல கன்றின் அடையாளம். திசு வளர்ப்புக் கன்றின் இளம் இலைகளில் கருஞ்சிவப்புத் திட்டுகள் இருப்பதும் இயல்பு, வளர வளரப் போய்விடும். நிழல்வலையிலிருந்து திடீரென்று மொட்டைமாடி வெயிலுக்கு மாற்றிய தொட்டி வாழையின் இலை வெளுத்துக் கருகும். இவை எதற்கும் பணம் வாங்காதீர்கள். வந்தவர் உங்களை நம்பத் தொடங்குவது அங்கேதான்.

அடுத்தது சத்துக் குறை. சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் புது இலையின் அகலப் பகுதி சரியாக உருவாகாமல், சில சமயம் நடுநரம்பு மட்டும் குச்சியாக வரும். வேகமாக வளரும் பருவத்தில் இது அதிகம். போரான் குறைந்தால் இலை முழுமை பெறாமல் சுருங்கி, நரம்புகளுக்குக் குறுக்கே கோடுகள் விழும். துத்தநாகம் குறைந்தால் இலை குறுகி, வெளிர்க் கோடுகளோடு வரும். விரியும் இலையின் அடிப்பக்கம் சிவப்போடியிருக்கும். புது இலை முழுவதுமே வெளுத்து வந்தால் இரும்புச் சத்தையோ கந்தகத்தையோ சந்தேகியுங்கள். வீட்டு வாழையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: பாத்திரம் கழுவிய, துணி துவைத்த தண்ணீர் முழுக்க வாழைக்குத்தான் போகிறது. சோப்புத் தண்ணீர் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். கூடினால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. தண்ணீரை மாற்றுவதும் தொழுவுரம் போடுவதும்தான் முதல் வைத்தியம். தெளிக்க வேண்டுமென்றால் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் ‘பனானா சக்தி’, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா பனானா ஸ்பெஷல்’ போன்ற வாழைக்கென்றே செய்த நுண்ணூட்டக் கலவைகள் இருக்கின்றன. பொட்டலத்தில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். போரானுக்குப் போதுமான அளவும் நஞ்சாகும் அளவும் மிக நெருங்கி நிற்கும்.

சத்து என்று முடிவு கட்டுமுன் மண்ணில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு நாட்கணக்கில் தண்ணீர் நின்ற தோட்டத்தில் வாழை வேர் மூச்சில்லாமல் அழுகும். வேர் போனால் மண்ணில் எவ்வளவு சத்து இருந்தும் குருத்து மெலிந்து மஞ்சளாக வரும். வடிகால் எடுக்காமல் டானிக் விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவது.

நெல்லும் கரும்பும் சூழ்ந்த ஊரில் களைக்கொல்லியை மறக்கவே கூடாது. 2,4-டி தெளித்த காற்று வாழையில் பட்டால் அதன் பிறகு வரும் இலை முறுக்கிக்கொண்டு, கயிறு திரித்தாற்போல் வரும். கிளைபோசேட் பட்டால் குருத்து விரியாமல் மஞ்சளித்து நிற்கும், வந்தாலும் குறுகி வரும். இரண்டையும் வைரஸ் என்று தவறாகச் சொல்லி மரத்தை வெட்டச் சொல்பவர்கள் உண்டு. வித்தியாசம் இதுதான்: களைக்கொல்லி என்றால் வயல் பக்கம் இருக்கும் எல்லா வாழையும் ஒரே நேரத்தில் கெடும், தப்பிக்கும் அளவு பட்டிருந்தால் சில இலைகளுக்குப் பிறகு தேறும். களைக்கொல்லி ஊற்றிய தெளிப்பானில் நுண்ணூட்டம் கலந்து அடித்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் ஒரே கைத்தெளிப்பான்தான் எல்லாவற்றுக்கும்.

நடுக்குருத்து வாடிக் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் கீழே பாருங்கள். மோந்து பார்க்கையில் நாற்றமடித்தால் கிழங்கு அழுகல். மட்டையில் சிறு துளைகளும் பிசின் வடிதலும் இருந்தால் தண்டுத் துளைப்பான் கூன்வண்டு. கிழங்கில் சுரங்கம் தெரிந்தால் கிழங்குக் கூன்வண்டு. இவற்றில் இலைமேல் தெளிப்பது வீண்.

இப்போது அந்த ஒன்று: முடிக்கொத்து நோய். இதில் நேரம் செலவிட்டுப் பழகுங்கள். வேறெதில் தவறினாலும் இதில் தவறக் கூடாது.

இலை ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குட்டையாக, குறுகலாக, நிமிர்ந்து, ஓரம் மஞ்சளித்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். ஆனால் கொத்து தெரியும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அதற்கு முன்பே அடையாளம் உண்டு. இலைக்காம்பின் மேல் படிந்திருக்கும் வெண்ணிற மெழுகுப் பூச்சை விரலால் துடையுங்கள். கரும்பச்சைக் கோடுகள் தெரிகின்றனவா? பிறகு இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். நரம்புகளில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தந்திக் குறியீடு போல விட்டுவிட்டு ஓடும். நடுநரம்பைத் தொடும் இடத்தில் அந்தக் கோடுகள் கொக்கி போல் வளையும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம். தேமல் நோயில் வெளிர்மஞ்சள் திட்டும் கோடும் வரும், கரும்பச்சைக் கொக்கி வராது. பூவனில் மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறும் கீற்றுகள் வந்தால் அது கீற்று வைரஸ். அந்த வைரஸின் கூறுகள் பூவனின் மரபணுவிலேயே கலந்திருப்பதால் வெயிலிலும் வறட்சியிலும் தலைகாட்டி, பிறகு வரும் இலைகளில் மறைவதும் உண்டு. முடிக்கொத்து அப்படி மறையாது. அதற்கு மருந்தும் கிடையாது.

இந்த நோய் முதலில் பதிவானது 1889-ல் ஃபிஜியில். இலங்கைக்கு 1913-ல் வந்தது. அங்கிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்து, தமிழ்நாட்டுக்கும் பரவியது. பழனி மலைச் சரிவுகளில் விருப்பாச்சி மலைவாழை 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்ததாகவும், இந்த நோயால் அது சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியதாகவும் வாழை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மலைக்குடும்பங்களின் வருமானத்தோடு சேர்த்து ஒரு பழத்தையே இழக்கும் நிலை அது. ஆஸ்திரேலியாவில் 1920-களில் சி.ஜே.பி. மேகீ இந்த நோய் வாழை அசுவினி வழியாகப் பரவுகிறது என்று நிறுவினார். நோயுற்ற மரத்தை உடனே அழிப்பது, சுத்தமான கன்றை மட்டும் நடுவது என்ற இரண்டே விதிகளால் அங்கே வாழைத்தொழில் மீண்டது. நூறாண்டு ஆகியும் அந்த இரண்டு விதிகளுக்கு மேல் நம்மிடம் பெரிதாக எதுவும் இல்லை.

அழிப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும்; பிறகுதான் தோண்ட வேண்டும். அந்தப் பழுப்புக் கறுப்புப் பூச்சி மட்டை இடுக்குகளிலும் தூர்ப்பக்கமும் குருத்திலும் எறும்புகளோடு கூட்டமாக இருக்கும். மருந்தடிக்காமல் வெட்டினால் அது பசித்துப் பக்கத்து வாழைக்குப் போகும், நோயையும் கொண்டுபோகும். மருந்து வேலை செய்த பிறகு கிழங்கோடு, எல்லாப் பக்கக்கன்றுகளோடும் தோண்டி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் துளிர்க்காதபடி காயவிட வேண்டும். தாய்க்கு வந்திருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் கன்றுக்கும் வந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். அரிவாளால் இது பரவாது. அதில் பயம் வேண்டாம்.

ஒரு வீட்டில் “வெட்டணும்மா” என்று சொல்வது எளிதல்ல. மருமகள் வந்த வருஷம் வைத்தது, மாமனார் வைத்தது என்பார்கள். கோடுகளை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். பக்கத்து நல்ல வாழையின் காம்பையும் துடைத்துக் காட்டுங்கள். பயமுறுத்தாமல், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வேலை ஒழுங்கு பற்றியும் கொஞ்சம். படம் கேட்கும்போது நான்கு படம் கேளுங்கள்: முழு மரம், புது இலை, துடைத்த காம்பு, தூர்ப்பக்கம். ஒரு நோட்டில் தேதி, ரகம், கன்று வந்த இடம், நீங்கள் சொன்னது, பிறகு நடந்தது என்று எழுதி வாருங்கள். ஒரு வருடத்தில் அந்த நோட்டு எந்தப் பாடப்புத்தகமும் தராத அறிவைத் தரும். முதலாளி விற்பனைக்கு நெருக்கினால், நம்பி வந்தவர் அடுத்த பருவத்துக்கு நெல் உரத்தையும் இங்கேதான் வாங்குவார் என்பதை நோட்டைக் காட்டியே பேசுங்கள். தீராத சந்தேகத்தைத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்புங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவருக்குத்தான் மரியாதை நிலைக்கும்.

முறையாக மேலே வர வழிகள் உண்டு. இடுபொருள் கடைக்காரர்களுக்கென்று ஐதராபாத் ‘மேனேஜ்’ நிறுவனம் 2003-ல் தொடங்கிய ஓராண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. வேளாண் படிப்பு முடித்தவர்கள் 2002 முதல் நடக்கும் மத்திய அரசின் வேளாண் மருத்துவமனை – வேளாண் வணிக மையத் திட்டத்தில் இலவசப் பயிற்சி பெற்று, வங்கிக் கடனும் மானியமும் கேட்கலாம். பூச்சிமருந்து விற்பதென்றால் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் எடுத்தே ஆக வேண்டும். நர்சரி வைப்பவர்கள் மத்திய அரசின் திசு வளர்ப்புக் கன்றுச் சான்றிதழ் முறையில் வைரஸ் சோதனை முடிந்து வந்த கன்றுகளை மட்டும் வாங்கி, சான்றைக் கடையில் மாட்டி வையுங்கள். விலை கொஞ்சம் கூடும். காரணத்தைச் சொன்னால் கொடுப்பார்கள்.

நம் ஊரில் வாழைக்கன்று பெரும்பாலும் விலைக்கு வருவதில்லை. அக்கா வீட்டிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் அன்பாகக் கொடுத்து வருகிறது. கடல் தாண்டி வந்த நோய் தெருத் தெருவாகப் போவதும் அந்தக் கையோடுதான். ஆகவே வேறு எந்த ஆலோசனையை வாடிக்கையாளர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், காம்பைத் துடைத்துப் பார்க்காத வாழையிலிருந்து ஒரு கன்றையும் யாருக்கும் கொடுக்க விடாதீர்கள்.