ஏழாண்டுக் கணக்கைச் சுமக்கும் சர்வர்

ஈப்போவிலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டங்களை அடுத்த சிற்றூர்களிலும் தொழில் நடத்தும் சிறு வணிகர்களுக்குச் சர்வர் அமைத்துக் கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு, யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் எது சிறந்தது என்று எவரேனும் வினவும்போதெல்லாம், எது வேகமானது என்பதைவிட எது எத்தனை ஆண்டுகள் பராமரிக்கப்படும் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும் என்ற அபிப்பிராயம் உறுதிப்பட்டு வந்திருக்கிறது. மலேசிய வருமான வரிச் சட்டம் வணிகப் பதிவேடுகளை ஏழாண்டுகள் காத்து வைக்கச் சொல்கிறது. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறையும் படிப்படியாக விரிந்து வந்திருக்கிறது. அன்று தோட்டத்துக் கிராணியாரின் செக்ரோல் எனும் வருகைப் பதிவுப் புத்தகத்தில் இருந்த கணக்கு இன்று வட்டில் இருக்கிறது.

சென்ட்ஓஎஸ்ஸுக்கு நேர்ந்ததை வணிகர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் தளத்துக்கு இணையானதைக் கட்டணமின்றி அளித்துவந்த அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை நீடிக்கும் என்று நம்பிப் பலரும் நிறுவியிருந்த வேளையில், 2021 முடிவோடு அது நின்றுவிடும் என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. அல்மா லினக்ஸும் ராக்கி லினக்ஸும் அந்த இடத்தை நிரப்ப எழுந்தன என்பது உண்மையே. ஆயினும் ஒரே நிறுவனத்தின் தீர்மானம் எத்தனை கடைகளின் நிர்வாகத்தை அசைக்கக்கூடும் என்பதை அன்று கண்டுகொண்டேன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனுக்கு முதலாளி எவருமில்லை. அதன் ஒவ்வொரு பதிப்பும் மூன்றாண்டு முழுப் பராமரிப்பும் மேலும் இரண்டாண்டு நீட்டிப்பும் பெறுவதோடு, தரவுகளை அழிக்காமலே அடுத்த பதிப்புக்கு ஏறவும் இடமளிக்கிறது.

யூனிக்ஸ் வழிவந்த மற்றொரு தளமான ஃப்ரீபிஎஸ்டியின்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழையோடு மின்சாரம் துண்டிக்கப்படுவது சகஜமாகையால், எழுதிய ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கும் இசட்எஃப்எஸ் கோப்பமைப்பு அதில் இயல்பாகவே வருவது பெரும் அனுகூலம்; கடைக் கணினியில் புகுந்த தீநிரல் பகிர்வுக் கோப்புகளைப் பூட்டிவிட்டாலும், சர்வரில் முன்னமே எடுத்து வைத்த பிம்பத்திலிருந்து மீட்டுவிடலாம். ஆனால் நான் ஊரில் இல்லாத நாளில் அதைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர் பேராக்கில் எளிதில் அகப்படுவதில்லை. அக்காரணத்தாலேயே, விருப்பமிருந்தும், பலருக்கும் அதை நான் சிபாரிசு செய்வதில்லை. எந்தத் தளமானாலும், மின்தடையைச் சர்வருக்கு உணர்த்தி முறைப்படி அணையச் செய்யும் யூபிஎஸ் ஒன்று அதனருகே இருந்தாக வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் இடுகிறவர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. யூனிக்ஸின் கர்த்தாக்களில் ஒருவரான கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் கொள்கிறது; புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் ‘சுப்பிரமணியம்’ என்ற பெயருக்கே 39 பைட் செலவாகிறது. லினக்ஸில் வழக்கமான கோப்பமைப்புகள் ஒரு பெயருக்கு 255 பைட்டே அனுமதிக்க, விண்டோஸோ 255 குறிகள் வரை ஏற்கிறது. ஆகவே அங்கே நன்றாயிருந்த நீண்ட தமிழ்ப் பெயர் இங்கே நகலெடுக்கையில் மறுக்கப்படலாம். பெயரை எண்பது குறிகளுக்குள் அமைத்துக்கொண்டால் தொல்லையில்லை. அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை.

நம் வட்டாரத்துக் கணக்கு மென்பொருள்களிற் பல விண்டோஸையே வேண்டுவதால், அவற்றை அந்த மேசைக் கணினியிலேயே விட்டுவிட்டு, கோப்புப் பகிர்வையும் அன்றாடப் பிரதியையும் சம்பா என்னும் பகிர்வு மென்பொருள் வழியாக யூனிக்ஸ் சர்வரிடம் ஒப்படைப்பதே சௌகரியம். புதிதாகத் தொடங்குகிறவர் டெபியனையே தேர்ந்துகொள்ளலாம். மென்பொருள் விற்பவர் ரெட் ஹேட் வகையே வேண்டுமென்றால் அல்மா லினக்ஸ் போதும். எதை நிறுவினாலும், அதன் பராமரிப்பு முடியும் தேதியை நிறுவுகிறவரைக் கொண்டே எழுதச் செய்து, சர்வர் பெட்டியின்மேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.