கோடை மடுவும் கூட்டுறவுச் சங்கமும்

விதைநெல்லின் அருமையை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. வீட்டில் எத்தனை முடை வந்தாலும், அடுத்த பட்டத்துக்கென்று ஒதுக்கிய நெல்லில் எவரும் கை வைப்பதில்லை. வெள்ளம் பரவும் தாழ்நிலங்களில் வாழும் மீன்களுக்கும் அத்தகைய விதை உண்டு. கோடையில் வற்றாது எஞ்சும் மடுக்களில் ஒதுங்கிக் கிடக்கும் தாய்மீன்களே அவை. அம்மடு யார் கையில் இருக்கவேண்டும் என்பதே இம்மாதம் நாம் ஆராயப் புகும் பொருள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் பெயர் இதில் பெரிதும் அடிபட்டிருப்பதால், வங்கதேசத்தின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டின் வடகிழக்கில், மௌல்வி பஜார் மாவட்டத்தில், ஹைல் ஹாவோர் என்னும் பெரும் பள்ளநிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏறத்தாழ 14,000 ஹெக்டேர் பரப்பில் நீர் நிற்கும். கோடையில் அது 3,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி, ‘பீல்’ எனப்படும் மடுக்களாகப் பிரிந்துவிடும். முதல் வெள்ளம் ஏறும்போது மீன்கள் மடுவை விட்டு வெளியேறி, மூழ்கிய புல்தரையிலும் வயல்களிலும் பரவுகின்றன, முட்டையிடுகின்றன, குஞ்சுகள் அங்கேயே இரை தேடி வளர்கின்றன. ஐப்பசிக்குப்பின் நீர் வடிய வடிய, பிழைத்தவை யாவும் மடுக்களுக்குத் திரும்புகின்றன. ஆகவே, பல்லாயிரம் ஹெக்டேரில் வாழ்ந்த மீன்கூட்டம் மாசி, பங்குனியில் சில மடுக்களுக்குள் அடங்கிவிடுகிறது. அப்போது மடுவை இறைத்தவன் அவ்வருஷத்து மீனை மட்டுமா எடுக்கிறான்? வரும் ஆண்டு முட்டையிட வேண்டியதையும் சேர்த்தே எடுக்கிறான்.

இறைப்பவனை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மடுக்கள் சர்க்காருக்குச் சொந்தம். பெரும்பாலும் மூன்று ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டு வந்தன. கூடுதல் தொகை கேட்டவருக்கே ஏலம் முடியும். கடன் வாங்கிக் குத்தகைப் பணம் கட்டியவன், மூன்றாம் ஆண்டின் முடிவில் எதற்காக மீனை விட்டுவைப்பான்? பம்பு வைத்துச் சேறு தெரியும்வரை இறைப்பதுதான் அவன் கணக்குக்குச் சரி. வங்கதேசத்தில் 2015 ஆம் ஆண்டு வெளியான செம்பட்டியலில், ஆராயப்பட்ட 253 நன்னீர் மீனினங்களுள் 64 அழியும் நிலையில் உள்ளவையாகக் குறிக்கப்பட்டன. முதுகு கூனிய சித்தல், வாளைக்கு உறவான பாப்தா, நீள மீசையுள்ள ஆயிர் ஆகியவை அவற்றுள் அடங்கும். இறைப்பு ஒன்றே இதற்குக் காரணம் அன்று. எனினும் பெரிய காரணங்களுள் ஒன்று.

அமெரிக்க உதவியுடன் 1998 இல் தொடங்கிய ‘மாச்’ என்னும் திட்டத்தின்கீழ் இம்முறை மாற்றிப் பார்க்கப்பட்டது. ஹைல் ஹாவோரைச் சேர்ந்த பைக்கா பீலில் சுமார் 100 ஹெக்டேர் 2003 இல் நிரந்தரச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் நிர்வாகம் பரகங்கினா என்னும் உள்ளூர் அமைப்பிடம் வந்தது. வலை வீசினால் சிக்கும்படி மடுவில் மரக்கிளைகளும் சிமெண்டுக் கட்டைகளும் போட்டனர். கரையில் ஹிஜல் மரமும், நம் ஊர்ப் புங்கமரமும் நட்டனர். முட்டையிடும் பருவத்தில் இரண்டு மூன்று மாதம் மீன்பிடிப்பை நிறுத்தினர். அம்மாதங்களில் மீனவர் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே! அதற்காகச் சுழல்நிதியிலிருந்து வேறு தொழில்களுக்குக் கடன் வழங்கினர். இந்த ஏற்பாடு இல்லாத தடை காகிதத்தோடு நின்றிருக்கும் என்பது நம் எண்ணம். சரணாலயத்தில் பிடிக்காத மீன் வெள்ளத்தோடு ஹாவோர் முழுதும் பரவவே, திட்டக் காலத்திற்குள் பிடிப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

பயிர் செய்வோர் கவனிக்கவேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. சுற்றியுள்ள குன்றுகளில் சரிவு வாட்டத்திலேயே அன்னாசி நட்டதால், மண் கரைந்து மடுக்களைத் தூர்த்து வந்தது. சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து நட விவசாயிகள் பழக்கப்பட்டனர். டாக்காவுக்கு அருகே மொகோஷ் பீலில் வந்த கேடு வேறு: துணிச்சாயப் பட்டறைகளின் கழிவுநீர். நொய்யற்கரை நெசவாளர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இனி, நம் துறைக்கு உரிய பகுதிக்கு வருவோம். வங்கதேச அரசு 2009 இல் வகுத்த நீர்நிலைக் கொள்கை, பதிவுபெற்ற மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கே குத்தகையில் முதலிடம் தந்தது. நோக்கம் நன்று. ஆனால் பல இடங்களில் சங்கம் பெயரளவில் நின்றது. பணம் போட்டவர் வேறொருவர். மடுவும் அவர் கைக்கே போயிற்று. இது அந்நாட்டில் மட்டும் நடப்பதென்று நாம் மார்தட்டிக்கொள்ள இயலாது. ஏரி மீன்பாசிக் குத்தகை எடுத்த ஒரு சங்கத்திற்கு நாம் தணிக்கைக்குச் சென்றிருந்தோம். தீர்மானப் புத்தகம் சுத்தமாக இருந்தது. குத்தகைப் பணம் கட்டிய சலானிலோ அங்கத்தினரல்லாத ஒருவரின் கையெழுத்து! மீன்பிடிக்கும் நாளை யார் குறிப்பார் என்று கேட்டதற்கு, “முதலாளி சொல்லி அனுப்புவார்” என்று தலைவர் கூசாமல் பதில் சொன்னார். அத்தகைய சங்கத்திடம் தாய்மீனைக் காக்கும்படி எந்தச் சட்டம் சொன்னாலும் நடவாது.

பைக்கா பீலிலும் திருட்டு வலை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. இரவுக் காவலுக்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சரணாலயத்தில் மீன் பிடிப்பதில்லையாதலால் அந்தச் செலவுக்கு அங்கிருந்து வரவு கிடையாது. திட்டம் 2008 இல் முடியுமுன் ஒரு மூலநிதி ஒதுக்கி, அதன் வட்டியிலிருந்து செலவுக்கு வழி செய்தார்கள். மீன்பாசிக் குத்தகையுள்ள நம் சங்கங்கள், வரும் பொதுக்குழுவில் லாபப் பங்கீட்டை எழுதுமுன், காவற்செலவு என்று ஒரு தலைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.