வராமல் போனதை யார் எண்ணுவது?

நம்பிக்கை: அரை நொடியில் ஆயிரம் முடிவுகளைக் கொட்டுகிறதென்றால் அந்த மின்நூலகத்தின் தேடல் பிரமாதம்.

உண்மை: வேகமும் எண்ணிக்கையும் திரையிலேயே தெரிந்துவிடும். திரைக்கு வராமல் போனதை அளப்பதுதான் கஷ்டம். டேவிட் பிளேரும் மாரனும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் அளந்தது. ஒரு வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்களை ஐபிஎம்மின் ஸ்டேர்ஸ் மென்பொருளில் ஏற்றியிருந்தார்கள். வேண்டியதில் 75 சதவீதமாவது கைக்கு வந்துவிட்டது என்று வழக்கறிஞர்கள் நம்பினார்கள். வந்ததோ சராசரியாக 20 சதவீதம். வந்தவற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பொருத்தமானவையாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை! கோளாறு கணினியில் இல்லை. குறை சொன்னவர்கள் ‘விபத்து’ என்று நேராக எழுதியதை, அதில் சம்பந்தப்பட்டவர்கள் ‘நிலைமை’, ‘சிக்கல்’ என்று பூசி மெழுகியிருந்தார்கள்.

நம்பிக்கை: மின்நூலகத்துக்கான மென்பொருள் டீஸ்பேஸா, கிரீன்ஸ்டோனா என்று முடிவெடுத்துவிட்டால் தேடலின் தரமும் முடிவாகிவிடும்.

உண்மை: டீஸ்பேஸில் தேடித் தருவது சோலர் என்ற தேடல் மென்பொருள், சோலருக்குள் இருப்பது லூசீன் என்ற இன்னொன்று. கிரீன்ஸ்டோனிலும் லூசீனைத் தேர்ந்துகொள்ளலாம். ஆக, பெயர்ப்பலகையை வைத்து ஒப்பிட முடியாது. இரண்டிலும் அதே நூல்களை ஏற்ற வேண்டும், அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் எது பொருத்தம் என்று விஷயம் தெரிந்தவர்கள் தீர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் போட்டுக்கொடுத்த பாதை இது. தேடல் முறைகளை ஒப்பிட 1992-இல் தொடங்கிய டிரெக் சோதனைகளும் இதில்தான் நடக்கின்றன.

நம்பிக்கை: யூனிகோடில் ஏற்றிவிட்டால் தமிழ்த் தேடலுக்குக் கவலையில்லை.

உண்மை: எந்த மின்நூலகத்துக்குள் நுழைந்தாலும் நான் முதலில் தட்டிப் பார்ப்பது ‘கொடி’. அந்தக் ‘கொ’வில் ககரத்தோடு சேரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாத மென்பொருளுக்கு இவை வேறு வேறு சொற்கள். பாதிக் கொடிகள் காணாமல் போகும். ஸ்கேன் செய்த படமாக மட்டும் கிடக்கும் பக்கம் எதற்குமே சிக்காது.

இதையெல்லாம் சரிக்கட்டினாலும் வேற்றுமை உருபு வழிமறிக்கும். சொல்லின் அடியைப் பிரித்தறியாத தேடலில் ‘மரம்’ என்று கேட்டால் ‘மரத்தில்’ வராது. சரி, ‘மர’ என்று தொடங்குவதையெல்லாம் கொடு என்று கேட்டுப் பாருங்கள்: மரங்களோடு மரபும் வரும், மரணமும் வரும்.