லேத் பட்டறைக்குக் கணக்கு வேண்டுமா? ஓர் இளம் டர்னருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் கரையேறியதே பெரும்பாடாக இருந்ததென்றும், டர்னர் தொழிலில் சேர்ந்துவிட்டபடியால் இனி அந்தத் தொல்லை ஒழிந்தது என்று நிம்மதி அடைந்திருந்த வேளையில் தொழிற்பயிற்சி நிலையத்திலும் 'பணிமனைக் கணக்கும் அறிவியலும்' என்று ஒரு பாடம் வந்து முன்னே நிற்கிறதென்றும், நீ மாலையில் உதவிக்குப் போகும் பட்டறையின் மூத்தவர்களோ 'கை பழகினால் போதும், கணக்கு எதற்கு?' என்கிறார்களென்றும் எழுதி, எவர் சொல்லை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நேர்மையானது, ஆகையால் நானும் மழுப்பாமல் விடை சொல்லுகிறேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு முழுவதும் உன் தொழிலுக்கு வேண்டியதில்லை. ஆனால் அதில் வேண்டிய பகுதி எதுவோ, அது இல்லாமல் நீ நல்ல டர்னராக ஆகவே முடியாது. அந்தப் பகுதியும் நீ அஞ்சுகிற அளவுக்குப் பெரிதன்று.

வேண்டாதவற்றை முதலிலே சொல்லி உன் மனச்சுமையைக் குறைத்துவிடுகிறேன். கணங்களின் சேர்ப்பும் வெட்டும், தேற்றங்களை வரிசை பிசகாமல் நிரூபித்துக் காட்டும் அப்பியாசமும், பல்லுறுப்புக் கோவைக்கு வர்க்கமூலம் காண்பதும் லேத்தின் முன்னே நிற்பவனுக்கு நேரடியாக உதவும் சந்தர்ப்பம் அபூர்வம். நுண்கணிதம் யந்திரத்தை வடிவமைப்பவருக்கு இன்றியமையாதது. பின்னால் டிப்ளமோ படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் எண்ணம் உனக்கு உண்டானால் அப்போது அதை எதிர்கொள்ளலாம். இன்றைக்கு உனக்கு வேண்டியவை பின்னம், தசமம், விகிதம், செங்கோண முக்கோணம், ஒரு சூத்திரத்தில் தெரியாத உறுப்பைத் தனியே ஒரு பக்கத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் ஆகிய இவ்வளவே. இவை எல்லாம் ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில் உனக்கு ஒருமுறை சொல்லித் தரப்பட்டவைதாம்.

மூத்தவர்களின் பேச்சை அலட்சியம் செய்யாதே. டூலின் முனை மழுங்கத் தொடங்கும்போது சத்தம் மாறுவதைக் காதால் கண்டுகொள்வதற்கும், வெட்டுண்டு வரும் இரும்புச் சுருளின் நிறத்தைக் கொண்டு சூட்டை மதிப்பிடுவதற்கும், இறுக்கும்போது சக்கு எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதை மணிக்கட்டால் உணர்வதற்கும் எந்தப் பாடப்புத்தகமும் துணை வராது. வருஷக்கணக்காக நின்று பழகிய கைதான் அங்கே குரு. ஆயினும் அந்தக் கையிலேயே எவ்வளவு கணிதம் புதைந்து கிடக்கிறது என்பதை அவர்களே எண்ணிப் பார்ப்பதில்லை. அங்குலத்துக்கு எட்டு நூல் என்று பேசுகிற பட்டறைப் பாஷை பின்னக் கணக்கல்லாமல் வேறென்ன? இருபதில் ஒன்றை மா என்றும், எண்பதில் ஒன்றைக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை முந்திரி என்றும் பெயரிட்டு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனனம் செய்த நாடு இது. 'கை பழகினால் போதும்' என்ற வாசகம் நம் சம்பிரதாயத்தின் குரல் என்று சிலர் நினைப்பது தவறு.

இதில் உனக்குப் பயன்படக்கூடிய ஓர் உதாரணம் உண்டு. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண்பதற்குத் தமிழில் ஒரு பழைய வாய்பாடு வழங்குகிறது: நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி அதில் ஒரு கூறைத் தள்ளிவிட்டு, குறுகிய பக்கத்தில் பாதியை அதனோடு கூட்டு என்பது அதன் பொருள். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். பக்கங்கள் 4-ம் 3-ம் ஆனால் மூன்றரையோடு ஒன்றரை சேர்ந்து 5. 12-ம் 5-ம் ஆனால் பத்தரையோடு இரண்டரை சேர்ந்து 13. இரண்டும் அணுப் பிசகாமல் சரி. இதைக் கண்டு வியந்து, இரண்டு பக்கமும் 100 மில்லிமீட்டராக உள்ள ஒரு தகட்டில் இதையே பிரயோகித்தாயானால் 137.5 என்று வரும். உண்மையான கர்ணமோ 141.42. ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் போய்விட்டது. மரத்தில் இழைத்தோ ஆப்பு வைத்தோ அதைச் சமாளித்துக்கொள்ளலாம். ஜிக் செய்கிற தகட்டில் துளை விழுந்துவிட்டால் தகடே வீண். அந்த வாய்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அது எந்த எல்லைக்குள் பலிக்கும், எங்கே கைவிடும் என்று வாய்பாடு தானே சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது நீ ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ சலிப்போடு எழுதிய பிதாகரஸ் தேற்றம். பட்டறையில் காலங்காலமாக வரும் குறுக்குவழிகள் அனைத்துக்கும் இது பொருந்தும். அவற்றைக் கற்றுக்கொள், அவற்றின் எல்லையையும் கற்றுக்கொள்.

இனி உன் லேத்துக்கே வருவோம். வரைபடத்தில் ஒரு டேப்பர் இருக்கிறது: பெரிய விட்டம் 40 மில்லிமீட்டர், சிறிய விட்டம் 30, நீளம் 50. காம்பவுண்ட் ரெஸ்டை எவ்வளவு பாகை திருப்புவது? விட்டங்களின் வித்தியாசத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும் என்று உன் பயிற்றுநர் கரும்பலகையில் எழுதியிருப்பார். 10-ஐ 100-ஆல் வகுக்க 0.1, அட்டவணையைப் பார்த்தால் 5 பாகை 43 நிமிடம். அந்த 'இருமடங்கு' எங்கிருந்து வந்தது என்று அறியாமல் உருப்போட்டவன் பரீட்சைப் பதற்றத்தில் அதை மறந்துவிட்டு 0.2 என்று கண்டு 11 பாகை 19 நிமிடத்தில் வைக்கிறான். அவன் வேலை பார்த்த மாத்திரத்திலேயே கோணலாகத் தெரிந்துவிடும், ஆகையால் அவ்வளவு அபாயமில்லை. அபாயம் இன்னொருவனிடம் இருக்கிறது. 'முழுக் கோணம் 11 பாகை 19 நிமிடம், டூல் ஒரு பக்கம்தானே வெட்டுகிறது, ஆகையால் அதில் பாதி' என்று அரைகுறையாக யோசித்து அவன் 5 பாகை 39 நிமிடத்தில் வைக்கிறான். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் கோணத்தைப் பாதியாக்குவதும் டேன்ஜென்ட்டைப் பாதியாக்குவதும் ஒன்றல்லவே! மூன்று நான்கு நிமிட வித்தியாசம் 50 மில்லிமீட்டர் நீளத்தில் விட்டத்திலே சுமார் 0.1 மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும். நீலம் தடவி இணைத்துப் பார்க்கும்போது ஒரு முனையில் மட்டும் ஒட்டும். மறுமுனை வெள்ளையாகவே வரும். அவனுக்கு ஏன் என்று விளங்காது. யந்திரத்தின் மேல் பழி போடுவான்.

காம்பவுண்ட் ரெஸ்டின் பாகைக் கோடுகளைக் கொண்டு 43 நிமிடத்தைக் கண்ணால் குறித்து வைத்துவிட முடியாது என்று நீ மறுக்கலாம். உண்மைதான். அதனால்தான் தேர்ந்தவர்கள் முதலில் குத்துமதிப்பாக வைத்து, கொஞ்சம் வெட்டி, டேப்பரின் மேல் டயல் கேஜை வைத்துச் சேடிலை அச்சின் நெடுக 10 மில்லிமீட்டர் நகர்த்துகிறார்கள். ஊசி 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் கோணம் சரி. அந்தப் பத்துக்கு ஒன்று என்பது என்ன? மேலே கண்ட 0.1 தான். வேலை முடிந்த பின் சோதனை மேஜையில் 200 மில்லிமீட்டர் சைன் பாரின் ஒரு பக்கத்தின் கீழே 39.60 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஸ்லிப் கேஜுகளை அடுக்கி, டேப்பரின் மேல்முகம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்த 39.60 முழுக் கோணத்தின், அதாவது சுமார் 11 பாகை 25 நிமிடத்தின், சைன் மதிப்பை 200-ஆல் பெருக்கியதுதான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கோபுரத்தின் உயரத்தையும் கலங்கரை விளக்கின் நிழலையும் கண்டுபிடிக்கச் சொல்லி உன்னை வருத்திய சைனும் டேன்ஜென்ட்டும் உன் உள்ளங்கையில் கனக்கும் எஃகுத் துண்டுகளாக இங்கே இருக்கின்றன.

பகா எண்கள் எதற்கு என்று நீயும் ஒரு காலத்தில் கேட்டிருப்பாய். எடை அளவுகளில் மெட்ரிக் முறையை நம் நாடு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேற்கொண்டது. ஆயினும் அங்குலக் கணக்கில் செய்த லீட் ஸ்குரூ உடைய பழைய லேத்துகள் பட்டறைகளிலிருந்து மறைந்துவிடவில்லை. அங்குலத்துக்கு நான்கு மரை உள்ள லீட் ஸ்குரூவில் 2 மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டுமென்று வைத்துக்கொள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆகவே லீட் ஸ்குரூவின் ஒரு மரை 6.35. இரண்டை 6.35-ஆல் வகுத்துச் சுருக்கினால் 127-இல் 40 என்று வருகிறது. ஓட்டுகிற சக்கரத்துக்கு 40 பல், ஓடுகிற சக்கரத்துக்கு 127 பல். பெட்டியில் மற்றச் சக்கரங்கள் எல்லாம் ஐந்தைந்தாகக் கிரமமாக இருக்க, 127 பல் உள்ள இந்த ஒன்று மட்டும் ஏன் என்று புதியவர்கள் திகைப்பதுண்டு. 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அதுவோ பகா எண். அதைச் சின்னச் சக்கரங்களாகப் பிரித்துக் கூட்டு அமைத்து அதே விகிதத்தைத் துல்லியமாகப் பெற வழியே கிடையாது. ஆகவேதான் அந்தப் பெரிய சக்கரத்தைத் தனியே வார்த்துத் தந்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் காரணிப்படுத்தக் கற்றவனுக்கு இது ஒரு கணத்தில் விளங்கும். கல்லாதவன் யாரோ ஒட்டி வைத்த அட்டவணையை நம்பியே இருப்பான், அட்டவணை கிழிந்த நாளில் கைகட்டி நிற்பான்.

'இப்போது சி.என்.சி. வந்துவிட்டதே, யந்திரமே கணக்குப் போடுகிறதே' என்று உன் நண்பன் சொன்னதாக எழுதியிருந்தாய். அவனுக்கு இதை வாசித்துக் காட்டு. வெட்டு வேகம் என்பது விட்டத்தையும் சுழற்சியையும் பையையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது. ஆகவே வேகம் நிலையாக இருக்க வேண்டுமானால், விட்டம் குறையக் குறையச் சுழற்சி ஏற வேண்டும். இது தலைகீழ் விகிதம். கார்பைடு டூலால் நிமிஷத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் முகம் வெட்டும்போது, 50 மில்லிமீட்டர் விட்டத்தில் சுழற்சி சுமார் 1,273. 10 மில்லிமீட்டரில் 6,366. 1 மில்லிமீட்டரில் அறுபதாயிரத்துக்கும் மேல். நடுமையத்தை நெருங்கினால் எல்லையே இல்லை. நிலையான வெட்டு வேகத்துக்குரிய ஜி 96 கட்டளையைக் கொடுத்துவிட்டு, ஃபானுக் லேத்துகளில் உச்சச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் ஜி 50 வரியை எழுத மறந்தவனுடைய யந்திரம், தன்னால் இயன்ற உச்சம் வரை ஏறியே தீரும். சுழற்சி மிஞ்சினால் மையவிலக்கு விசையால் சக்கின் தாடைகளின் பிடி தளரும். வேலைத்துண்டு பறந்து வரும். யந்திரம் போட்ட கணக்கு பிழையற்றது. அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை முன்கூட்டிக் காண வேண்டியவன் மனிதன். ஆகவே, தம்பி, பழைய லேத்தில் கணக்குப் பிசகினால் இரும்பு வீணாகும். புதிய லேத்தில் பிசகினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இந்த விவாதம் எழுந்தால் ஜி. டி. நாயுடுவின் பெயர் வராமல் இராது. பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்ட அவர் மோட்டார்த் தொழிலிலும் யந்திர நிர்மாணத்திலும் செய்த சாதனைகளைச் சொல்லி, ஆகையால் கணக்கு வேண்டாம் என்று முடிப்பார்கள். முடிவு அவசரமானது. இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்கும் நிறுவனம் 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் தோன்றியபோது அதற்குக் காரணமாக இருந்தவர்களில் அவரும் ஒருவர். படிப்பைத் துச்சமாக எண்ணியவர் அந்தக் காரியத்துக்கு முன்வந்திருப்பாரா? பள்ளிக்கூடத்தின் நடைமுறையோடு ஒருவருக்குப் பிணக்கு இருக்கலாம். அளவும் எண்ணும் இல்லாமல் ஒரு யந்திரத்தைப் பிரித்துப் பூட்ட எந்த மேதையாலும் ஆகாது.

உன் அச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உன் குற்றமன்று. எண்ணைப் பொருளிலிருந்து பிரித்து, பொருளைக் காட்டாமலே எண்ணை மட்டும் வருஷக்கணக்காக வாயில் திணித்தால் எந்தப் பிள்ளைக்கும் அருவருப்புத்தான் உண்டாகும். பணிமனைக் கணக்கை வகுப்பறையில் பெஞ்சின் மேல் உட்காரவைத்துக் கற்பிப்பதை விட்டு, லேத்தின் அருகிலே, கையில் வெர்னியரோடு கற்பிக்க வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. உன் பயிற்றுநர் அவ்வாறு செய்யாவிட்டால் நீயே செய்துகொள். வெர்னியரில் ஐம்பது கோடு, பிரதான அளவில் நாற்பத்தொன்பது கோட்டுக்குச் சமம் என்பதை எண்ணிப் பார்த்து, 0.02 எப்படி வந்தது என்று நீயே கண்டுபிடி. கண்டுபிடித்த பின் அதை மறக்கவே மாட்டாய். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, பிறகு கால்குலேட்டரைத் தொடு. கால்குலேட்டர் உன் மதிப்புக்கு மிகவும் விலகிய எண்ணைக் காட்டினால், வெட்டாதே, நின்று யோசி. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, செய்த வேலைகளின் படத்தையும் கணக்கையும் அன்றன்றே எழுதிவை. பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணை எந்தப் பட்டறையிலும் எவரும் கேட்கப்போவதில்லை. செட்டிங் யாருக்குத் தெரியும் என்றுதான் கேட்பார்கள். அதைச் செய்யத் தெரிந்தவனுக்கும், பிறர் செய்து தந்ததை வைத்து நாள் முழுதும் பொத்தானை அழுத்துகிறவனுக்கும் கூலியிலும் மரியாதையிலும் உள்ள தாரதம்மியத்தை நீ இதற்குள்ளாகவே பார்த்திருப்பாய்.

பதில் எழுதும்போது எனக்காக ஒன்று செய். அதே நான்கு மரை லீட் ஸ்குரூவில் 3 மில்லிமீட்டர் மரை வெட்டுவதற்கு எந்தெந்தச் சக்கரங்கள் வேண்டும் என்று, விடையை மட்டும் எழுதாமல் வழியையும் முழுவதுமாக எழுதி அனுப்பு. தவறு வந்தாலும் பாதகமில்லை. அடிக்காமல் திருத்தாமல் அப்படியே அனுப்பு.

உன் நலம் நாடும்,
பழைய டூல் ரூம் பயிற்றுநன்