எடைக்கல்லும் தேய்கிறது



மின்தராசுகள் பெருகிவிட்ட இக்காலத்திலும், நாம் வசிக்கும் தெருவின் முனையிலுள்ள மளிகைக் கடையில் தட்டுத் தராசும் இரும்பு எடைக்கற்களுமே புழக்கத்தில் உள்ளன. கடைக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். பாங்கு கேட்டால் வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கு வந்துவிடுவார்.

ஒருநாள் அஸருக்குப் பின் வாடிய முகத்துடன் நம்மிடம் வந்தார். "ஹளரத், முத்திரை போட எடைக்கல்லையெல்லாம் கொண்டுபோனேன். ஒரு கிலோக் கல்லு எடை குறைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க. தெரிஞ்சு நான் யாருக்கும் குறைச்சுக் கொடுத்ததில்லை. ஆனா இத்தனை நாளும் அந்தக் கல்லைப் போட்டுத்தானே நிறுத்தேன்! நாளைக்கு ரப்புக்கிட்ட என்ன சொல்லுவேன்?" என்றார்.

இரும்புக் கல் தேயுமா? தேயும். தட்டில் வைத்து எடுப்பதிலும், ஒன்றோடொன்று உரசுவதிலும், துரு உதிர்வதிலும் சிறுகச் சிறுகக் குறையும். அதனால்தான் கல்லிலுள்ள குழியில் ஈயத்தை அடைத்து, எடையைச் சரிசெய்து, அந்த ஈயத்தின் மீது அரசாங்க முத்திரை குத்துகிறார்கள். 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிபார்த்து மறுமுத்திரை பெறவேண்டும் என்பது சட்டம்.

அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்குக் கேட்டை அறிவித்தே குர்ஆன் ஷரீபின் 83வது சூரா தொடங்குகிறது. தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றியது அது. நம் பெரியவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். அறியாமல் நேர்ந்த தவறுக்குப் பாவமில்லை. ஆயினும் பிறர் பொருள் பிறர் பொருளே. தவறுதலாக நம்மிடம் தங்கினாலும் அது ஹக்குல் இபாத்தாகும். உரியவரைத் தெரிந்தால் கொடுத்துவிட வேண்டும், அல்லது அவரிடம் ஹலாலாக்கிக்கொள்ள வேண்டும். தெரியாவிட்டால் ஏறக்குறைய மதிப்பிட்டு அவர் பேரில் ஸதகா செய்துவிட வேண்டும். இதை அவருக்கு எடுத்துச் சொன்னோம்.

மறுநாள் முதல் வாடிக்கையாக வருவோரிடம் அவரே விஷயத்தைச் சொல்லி, கூடுதலாக அரிசி, பருப்பு போட்டுக் கொடுத்தார். "இதுக்குப் போயி இவ்வளவா பாய்?" என்று ஒரு சகோதரி சிரித்தார். "வாங்கிக்கம்மா! எனக்கு வயசாச்சு. மீஸான் தராசுக்கிட்ட நிக்கிறப்போ உன்னைத் தேடி அலைய முடியாது" என்றார் பெரியவர்.

அருகில் நின்ற நம்மை அந்தச் சொல் தைத்தது.

தேய்ந்த கல் தான் தேய்ந்ததை அறியாது. நாள்தோறும் அதை எடுக்கும் கைக்கும் தெரியாது, கை பழகிவிடுகிறது. சரியான கல்லோடு வைத்து நிறுத்தால்தான் குறை வெளிப்படும். ஈமானின் நிலையும் இதுவே. ஆடை நைந்துபோவதுபோல் உள்ளத்தில் ஈமானும் நைந்துபோகிறது. அதைப் புதுப்பித்துத் தருமாறு அல்லாஹ்விடம் கேளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக ஹாகிமில் வரும் ஹதீது இதைத்தான் உணர்த்துகிறது.

மதரஸாவிலிருந்து வெளிவந்த புதிதில் தொழுகையில் இருந்த அச்சம் இன்று நம்மிடம் உண்டா? மிம்பரில் பேசிப்பேசி நாவு பழகிவிட்டது, கண் நனைகிறதா? ஈமானை நாம் விற்றுவிடவில்லை. பழக்கத்தில் தேயவிட்டிருக்கிறோம். நம் தாடியிலும் இரண்டொரு நரை தெரிகிறது.

பலவீனத்தில் படைத்து, பலம் தந்து, மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் அல்லாஹ்வே என்று சூரத்துர் ரூம் கூறுகிறது. உடல் தேய்வதைத் தடுக்க நம்மால் ஆகாது. பெரியவருக்கும் கை நடுங்குகிறது, பார்வை மங்கிவிட்டது. ஆகவே தராசு முள்ளைப் பார்த்துச் சொல்லும்படி வாங்க வந்தவரையே கேட்டுக்கொள்கிறார். நீண்ட ஆயுளும் நல்ல அமலும் பெற்றவரே மனிதரில் சிறந்தவர் என்ற ஹதீதுக்கு இது ஓர் உதாரணமன்றோ!

கணக்குக் கேட்கப்படுமுன் நீங்களே உங்களைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது ஹளரத் உமர் (ரழி) அவர்களின் உபதேசம். இரும்புக் கல்லுக்கு 2 ஆண்டு தவணை உண்டு. நமக்கு அத்தனை நாள் இருக்கிறதோ இல்லையோ, யாரறிவார்? எனவே இஷாவுக்குப் பின் சற்று நேரம் அமர்ந்து, இன்று பேசிய பேச்சு, வாங்கிய கடன், வாக்களித்து மறந்தது, வேலையாளுக்குக் கொடுக்காமல் நின்ற கூலி ஆகியவற்றைக் குர்ஆன், ஸுன்னத் என்னும் சரியான கல்லோடு வைத்து நிறுத்துப் பார்ப்போமாக! குறை தெரிந்தால், கொடுக்க வேண்டியவர் ஹயாத்தோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவோமாக!

அல்லாஹுத்தஆலா நம் அனைவரின் ஈமானையும் புதுப்பித்து, மீஸானில் கனமுள்ளவர்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.