மருந்து சென்று சேரும் வழி

மருந்தின் பெயரைக் கேட்டதும் அது எந்த நோய்க்கு என்றுதான் நாம் முதலில் வினவுகிறோம். அது உடலில் எங்கே செல்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கேட்பவர் சிலரே. நல்ல மருந்தும் இடமும் அளவும் தவறினால் நஞ்சாகிவிடும் அன்றோ! பாலிமர் இரசாயனம் பயிலும் மாணவன் என்ற முறையில், இவ்வினாவுக்கு எங்கள் துறை கண்ட விடைகளைச் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மாத்திரை ஒன்றை விழுங்கியதும் இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதனை அகற்ற, அளவு தாழ்கிறது. மிக உயர்ந்தால் தீங்கு. மிகத் தாழ்ந்தால் பயனில்லை. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே மருந்தை நிறுத்தவே நாளுக்கு இருவேளை, மூவேளை என்று மருத்துவர் எழுதித் தருகின்றனர். இந்த ஏற்ற இறக்கமின்றி மருந்தைச் சிறிது சிறிதாக விட இயலாதா?

இயலும் என்பதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். சிலிக்கோன் இரப்பருக்குள் அடைத்த சில மருந்துகள் அதன் சுவர் வழியே மெல்ல ஊடுருவி வெளிவருவதை 1964 ஆம் ஆண்டில் அவரும் அவருடைய கூட்டாளியும் வெளியிட்டனர். ஆனால் இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறுகள் இவ்வாறு வெளிவர இயலாது என்றே பலரும் எண்ணினர். ஃபோக்மனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த இரசாயனப் பொறியாளர் இராபர்ட் லாங்கர் அவ்வெண்ணத்தை 1976 ஆம் ஆண்டில் மாற்றினார். புரதத் தூளைப் பாலிமர்க் கரைசலில் கலந்து உறையச் செய்தால், தூள் இருந்த இடங்களெல்லாம் ஒன்றோடொன்று இணைந்த நுண்ணிய சந்துகளாகின்றன. நம் காசி நகரத்துச் சந்துகளில் புதிதாக வந்த யாத்திரிகன் சுற்றிச் சுற்றிக் கங்கைக் கரையை அடைவது போல, புரத மூலக்கூறும் வளைந்து நெளிந்து நெடுநாள் கழித்து வெளியே வருகிறது.

மருந்து தீர்ந்தபின் எஞ்சும் பாலிமரை என் செய்வது? தயிரில் உள்ள லாக்டிக் அமிலத்தையும் கிளைக்காலிக் அமிலத்தையும் தொடுத்து ஆக்கிய பாலிமர் உடலின் நீரால் தானே சிதைந்து, இறுதியில் நீராகவும் கரியமில வாயுவாகவும் நீங்குகிறது. இவ்விரு அமிலங்களின் விகிதத்தை மாற்றிச் சிதையும் காலத்தையும் மாற்றலாம். மாதம் ஒருமுறை போடும் லியூப்ரோலைடு ஊசிக்கு அமெரிக்கா 1989 ஆம் ஆண்டில் அனுமதி வழங்கியது இதன் பயனே.

சிதைவிலும் இருவகை உண்டு. மேற்சொன்ன பாலிமர், மழையில் ஊறிய மண்சுவர் போல உள்ளும் புறமும் ஒருங்கே இளகுகிறது. பாலி அன்ஹைடிரைடு என்பதோ சோப்புக் கட்டி போல மேற்புறத்திலிருந்தே தேய்கிறது. ஆகவே மருந்து ஒழுங்காக வெளிவரும். மூளைப் புற்றை அறுத்தெடுத்த குழியில் கார்முஸ்டீன் மருந்தேற்றிய இவ்வகை வில்லைகளை, 8 வரை, வைத்து மூடும் முறை 1996 ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. இரத்தத்தில் செலுத்தினால் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் மருந்து, இங்கே வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்கிறது. ஆயினும் மிகைபடக் கூறலாகாது: இதனால் நீண்ட ஆயுள் ஏறத்தாழ இரண்டு திங்களே.

பாலிமருக்கு மற்றொரு குறையும் உண்டு. நாம் முன்கூட்டி வகுத்த கணக்கின்படியே அது மருந்தை விடும். உடலின் அன்றைய தேவையை அது அறியாது. என் தாயார் நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். உண்டது குறைந்தாலும் உழைத்தது மிகுந்தாலும் அதே அளவு அவருக்குத் தீங்காகலாம். தேவையறிந்து சுரக்க வல்லது உயிரணு.

இதற்காக 1980 ஆம் ஆண்டில் லிம், சன் என்னும் இருவர், எலியின் கணையத் திட்டுகளைக் கடற்பாசியிலிருந்து பெறும் ஆல்ஜினேட்டு உறையில் பொதிந்து, நீரிழிவுற்ற எலிகளுக்குள் வைத்தனர். சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே புகும், இன்சுலின் வெளிவரும், உடலின் காவற்படையான வெள்ளணுக்கள் மட்டும் நுழைய இயலா. இரண்டு மூன்று வாரங்கள் நோய் கட்டுப்பட்டது. ஆனால் உடல் அயற்பொருளைச் சுற்றி நார்த்திசுவை வளர்த்துவிடுகிறது. ஆக்சிஜன் குன்றி உள்ளிருக்கும் உயிரணுக்கள் மடிகின்றன. நீரிழிவுக்கு இம்முறை இன்னும் கைகூடாமைக்கு இது ஒரு முக்கிய காரணம்.

வேறோர் உறுப்பில் வெற்றி கிட்டியுள்ளது. விழித்திரையைக் காக்கும் புரதத்தைச் சுரக்குமாறு மாற்றிய உயிரணுக்களை நுண்துளைக் குழாயில் அடைத்துக் கண்ணுக்குள் பொருத்தும் என்செல்டோ என்னும் முறைக்கு, ஒருவகை விழித்திரை நோயின் பொருட்டு, 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி அளித்தது.

இவ்வரலாற்றில் அறுவை மருத்துவரும் பொறியாளரும் ஓர் ஆய்வுக்கூடத்தில் கூடியபோதே வழி பிறந்தது. நம் சங்கத்திலும் மருத்துவம் பயில்வோர் உளர், பொறியியல் பயில்வோர் உளர், இரசாயனம் பயில்வோரும் உளர். பொங்கல் விழாவில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நாம், ஒருவர் பாடத்தை மற்றவரிடம் கேட்டறியவும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாமே! நார்த்திசு வளராத உறை எது என்ற வினா விடைக்காகக் காத்திருக்கிறது.